சாவிக்காரர் பேரில் ஒரு திருடன்

எங்கள் சின்ன மாப்பிள்ளை தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். கதையும் எழுதுவார். பத்திரிகைக்காரர்கள் பாவம், அவ்வப்போது போட்டுவிடுகிறார்கள். எனக்கு எழுத்து தெரியாது, மகள்தான் படித்துக் காட்டுவாள். நடுவில் நான் தூங்கிவிட்டால் மாப்பிள்ளை முகம் தொங்கிப் போகும்.

அவருக்கு ஒரு பழக்கம். கதையில் வருகிற ஆளுக்குப் பேர் அமையாமல் ஒரு வரி ஓடாது. கடையில் எண்ணெய்க் குப்பியும் கையுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பேராக வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பார். கூப்பிட்டதும் மனசுக்குள் ஒரு முகம் திரும்ப வேண்டுமாம். அப்போதுதான் அந்த ஆள் நடப்பானாம், பேசுவானாம்.

ஒரு தடவை திருடனுக்குப் பேர் தேடினார். மாற்றுச் சாவி போட்டு வீடு திறக்கிற திருடன். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் ஒரு பேரைக் கூப்பிட்டதும் பக்கத்துக் கடையிலிருந்து, "என்னப்பா?" என்று சாவி செய்கிறவர் தலையை நீட்டினார்.

"ஒண்ணுமில்லண்ணே."

சொல்லிவிட்டு மளமளவென்று எழுத ஆரம்பித்துவிட்டார். மனசுக்குள் திரும்ப வேண்டிய முகம் நேரிலேயே திரும்பியிருக்கிறது, இவருக்கு உறைக்கவில்லை பாருங்கள்!

பத்திரிகையில் கதை வந்தது. பேரோடு சேர்ந்து சாவிக்காரர் காதில் செருகியிருக்கும் பென்சிலும் உள்ளே போயிருந்தது. தெருவே சிரித்தது. பிறகு சாவி கொடுக்க வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போகாமல், பக்கத்திலேயே நின்று கையைப் பார்த்தார்கள். ஒரு அம்மா, "வேணாம், வேற எடத்துல பாத்துக்கிறேன்" என்று சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வீட்டுச் சாவியை நம்பிக் கொடுத்தால்தானே அந்த மனுஷனுக்குச் சோறு? வருகிற கூட்டம் பாதியாகிவிட்டது.

இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே ஃபேன், சாவிக்காரருடையது. அதைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். பேச்சும் நின்றது.

வேர்த்து ஊற்ற வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, "கதை வேற, ஆள் வேற, அத்தை. வெறும் பேர்தானே!" என்றார்.

"வெறும் பேர்தானே? அப்போ அடுத்த திருடனுக்கு உங்க பேரையே வைங்க, மாப்பிள்ளை."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரோஷத்தில் வைத்தார். அந்தத் திருடன் இருக்கிறானே, பூட்டைத் தொடும்போதே சாமியிடம் மன்னிப்புக் கேட்டான். குழந்தை தூங்குகிறதே என்று இரக்கப்பட்டான். கடைசியில் ஆடிக்கொண்டிருந்த தாழ்ப்பாளுக்கு ஆணி அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

"போய் அவருகிட்டயே படிச்சுக் காட்டுங்க" என்று துரத்தினேன். துரத்தினால் போதுமா, கூடவே போனேன். சாவிக்காரர் முகம் கொடுக்காமல் அரத்தால் சாவியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். தாழ்ப்பாள் வந்ததும் அரம் நின்றது.

"ஏம்ப்பா, என் பேரு வச்சா வீடு புகுந்து திருடறான். உன் பேரு வச்சா ஆசாரி வேலை பாக்கறானா? திருடச் சொல்லு. முழுசாத் திருடணும்."

"அண்ணே..."

"பீரோவோட போகணும்."

மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினார். அதுவும் பத்திரிகையில் வந்தது. சாவிக்காரர் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தன் கடை வாசலில் ஒட்டினார். "பாத்தீங்களா, இவன் கையில யாரு பேரு மாட்டினாலும் திருடன்தான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். சிரித்துக்கொண்டே சாவியை விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். ஃபேன் மட்டும் திரும்பவில்லை.

போன வாரம் நான் கடையில் இருந்தபோது ஒரு அம்மா மெஷினைக் கொண்டுவந்து இறக்கினாள். "நீங்க பாருங்க, நான் இங்கயே நிக்கிறேன்" என்றாள். மாப்பிள்ளை முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

சாவிக்காரர் எழுந்து ஃபேனை அந்த அம்மா பக்கமாகத் திருப்பினார்.

"காத்து வாங்கிட்டே கண்ணெடுக்காமப் பாருங்கம்மா. ஆள் ஒரு மாதிரி."

அந்த அம்மாவைத் தாண்டி மிச்சக் காற்று மாப்பிள்ளைக்கும் வந்தது.