மாமாவுக்கு நான் எடுத்த வகுப்பு

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசாகக் கிடைத்தது. குடிக்க மாட்டேன் என்று சொன்னதற்காக.

குரோம்பேட்டையில் நான் படித்த பள்ளிக்குச் சில வெள்ளிக்கிழமைகள் ஒரு கவுன்சலர் மிஸ் வந்து மதுவைப் பற்றி வகுப்பெடுத்தார். ஈரல் வீங்குவது, மூளை மந்தமாவது, வளரும் வயதில் அந்தக் கெடுதல் இன்னும் கூடுவது எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டிவிட்டு, கடைசி நாள் பயிற்சி வைத்தார். ஒருத்தி தம்ளரை நீட்டி வற்புறுத்த வேண்டும், இன்னொருத்தி மறுக்க வேண்டும். நிமிர்ந்து நிற்க வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், "எனக்கு வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தம்ளரில் இருந்தது ஆரஞ்சு ஜூஸ். எனக்குப் பிறந்ததிலிருந்தே ஆரஞ்சு ஜூஸ் ஆகாது. நான் மறுத்த வேகத்தைப் பார்த்து மிஸ்ஸே கை தட்டினார். அன்றிலிருந்து வீட்டில் என் அலட்டல் தாங்க முடியவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவாள்.

அந்த மாதமே தம்பிக்குக் காது குத்து வந்தது. எனக்கு ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த தம்பி. திருநீர்மலையில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டுதல். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது தாய்மாமன் உரிமை. எங்களுக்கு இருப்பதோ ஒரே மாமா, அம்மாவின் தம்பி. கோவளத்தில் கடலுக்குப் போகிறவர். அருமையான மனிதர், குடிகாரர். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அதிசயமில்லை.

என் காது குத்துக்கு அவர் தள்ளாடிக்கொண்டு வந்ததால், அம்மா என்னைத் தூக்கிப் பெரியப்பா மடியில் வைத்துவிட்டாள். ஹாலில் மாட்டியிருக்கும் படத்தில் பெரியப்பாதான் இருக்கிறார். பிறந்த வீட்டுக்கு இதைவிடத் தலைகுனிவு வேண்டாம். அதனால் இந்த முறை அம்மா போனிலேயே சொல்லிவிட்டாள்: "வாடை வந்துச்சு, புள்ளைய உன் மடில வைக்க மாட்டேன். ஊரே பார்த்தாலும் சரி." மாமா அதற்கும் சில மாதங்கள் முன்பே குடியை விட்டுவிட்டதாகச் சொன்னார். இதற்கு முன்பும் பல தடவை விட்டிருக்கிறார் என்பதால் அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முந்தின நாள் மத்தியானமே மாமா சீர்த்தட்டுகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலிலேயே அம்மா அவர் முகத்தருகில் போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். அவரும் கோபப்படாமல் வாயைத் திறந்து காட்டினார், டாக்டரிடம் காட்டுகிற மாதிரி.

சாயங்காலம் ஆண்கள் எல்லாரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். சீர் கொண்டுவந்த மாமனைக் கவனிக்காமல் அனுப்பினால் மாப்பிள்ளை வீட்டுக்குக் கெட்ட பேர் என்பது எங்கள் பங்காளிகளின் சட்டம். கவனிப்பு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பெரியப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்து மிலிட்டரி கேன்டீனில் வாங்கிய பாட்டிலை அவர் திறக்கிறார் என்றால் அது ஒரு மரியாதை. மறுநாள் பெருமாள் கோயில் என்பதால் முட்டைகூடக் கூடாது என்று கண்டிப்பாக இருந்தார். தொட்டுக்கொள்ள வேர்க்கடலையும் மாங்காயும்தான். பாட்டிலில் அசைவம் இல்லை என்பது அவருடைய சித்தாந்தம்.

மேலே போகும் முன் மாமா என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்து, பால் ஊற்றாமல் டீ போட்டு ஒரு பிளாஸ்கில் கொண்டுவரச் சொன்னார். யாரிடமும் சொல்லக் கூடாதாம். போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பெரியப்பா ஊற்றிக் கொடுத்ததை மாமா சிரித்துக்கொண்டே வாங்கினார். எல்லாரும் வேறு பக்கம் திரும்பிய சமயத்தில் மழைத்தண்ணீர் போகும் ஓட்டையில் கவிழ்த்தார். பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டார். பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! டிபன் பாக்ஸ் வாங்கினவள் வீட்டில் இப்படி ஒரு கோழையா? அவர் கீழே வந்தபோது மாடிப்படியில் மறித்து, அங்கேயே வகுப்பெடுத்தேன். நிமிர்ந்து நிற்க வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், எல்லாம் சொன்னேன். மாமா கைகட்டிக் கேட்டார். ஒரு தடவை சொல்லியும் காட்டினார்.

"சொன்னா வுட்டுடுவாங்களா?"

"கண்டிப்பா வுட்டுடுவாங்க மாமா. மிஸ் சொன்னாங்க."

"உங்க மிஸ்ஸு மொட்டைமாடிக்கு வந்து கீறாங்களா எப்பனா?" என்று கேட்டுவிட்டு, என் தலையில் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு மறுபடி மேலே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

பெரியப்பா அடுத்ததை ஊற்றி நீட்டினார். மாமா ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, "எனக்கு வேணாம் மாமா. நான் குடிக்கறதில்ல" என்றார். நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கெஞ்சினார்கள். "ஒண்ணே ஒண்ணு மச்சான், நமக்காக" என்றார் ஒரு சித்தப்பா. பெரியப்பா, மாமாவின் பழைய தம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"டீயா? நான் பாட்டில் தொறந்து ஊத்தறேன், நீ டீ குடிக்கறியா? எங்க கையால வாங்கினா உனக்கு இறங்காதோ?"

"அப்டிலாம் இல்ல மாமா."

"அப்ப குடி. நாளைக்குக் குழந்தையை வெச்சுக்கும்போது உன் கைதான் நடுங்கும், சொல்லிட்டேன்."

சொல்லிக்கொண்டே தம்ளரை மாமாவின் உதட்டருகில் கொண்டுபோய்விட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை, பாசமாகத்தான் செய்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அப்புறம் சட்டென்று விலகி, விறுவிறுவென்று படியிறங்கி, தன் பையை எடுத்துக்கொண்டார். கோலமாவு கையோடு அம்மா வாசலுக்கு ஓடிவந்தாள்.

"இங்க இருந்தா ஆவாதுக்கா. காலைல நேரா மலைக்கு வந்துடறேன்" என்றார் மாமா.

"எங்கடா போற? எனக்குத் தெரியும்டா நீ எங்க போவேன்னு!" என்று அம்மா தெருவென்றும் பார்க்காமல் கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது. மாமாவுக்காக இல்லை. சொல்லிக்கொடுத்ததைப் பாதியில் விட்டு ஓடி என் மானத்தை வாங்கிவிட்டாரே என்றுதான்.

காலையில் திருநீர்மலை அடிவாரத்தில் வேன் நின்றபோது, பெரியப்பா புது வேட்டியில் தயாராக இருந்தார். ஆள் வராவிட்டால் தான் உட்காருவதாக வரும் வழியிலேயே சொல்லிவிட்டார். மொட்டை முடிந்து தம்பி தலைக்குச் சந்தனம் தடவியாயிற்று. ஆசாரியும் ஊசியோடு வந்துவிட்டார்.

மாமா குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தார். அப்பாதான் முதலில் பார்த்தார். குளித்து, நெற்றிக்கு இட்டு, கசங்கின சட்டையோடு எழுந்து வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. ராத்திரி நன்றாக ஊற்றியிருப்பான் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அம்மா கிட்டே போய் வழக்கம்போல் மூக்கை உறிஞ்சினாள். மறுபடியும் உறிஞ்சினாள். பிறகு குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அவர் மடியில்தான் தம்பிக்குக் காது குத்தினார்கள். பெரியப்பா சொன்னது போலவே மாமாவின் கை நடுங்கியது. ஆனால் தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பந்தியில் நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பரிமாறிக்கொண்டு வந்தவர் என் இலைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இன்னா மிஸ்ஸு, கோச்சுக்கினியா?"

"ஓடிட்டீங்கல்ல மாமா."

"சொன்னேனே கண்ணு. உங்க பெரியப்பாகிட்ட சொன்னது ஒண்ணும் கஷ்டமில்ல. அப்பால உங்க வூட்லேர்ந்து ராவோட ராவா இம்மாந்தூரம் நடந்து வந்தேன் பாரு, வழி பூரா வேணாம் வேணாம்னு சொல்லிக்கினேதான் வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரோட்டுல யாரு மாமா உங்களுக்கு ஊத்திக் குடுக்க வந்தாங்க?"

மாமா எனக்கு இன்னொரு அப்பளம் வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார். நான் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். தம்ளரை நீட்ட யாருமே இல்லாத ரோட்டில், ஒரு மனிதர் யார் கண்ணைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லியிருப்பார்?