என் பெயரில் நடந்த எருமை

எனக்கும் என் மனைவிக்கும் ஒரே வருஷத்தில் இனிப்பு நீர் வந்தது. அவள் அதை வியாதியாக எடுத்துக்கொண்டாள். நான் அதை டாக்டரின் சொந்த அபிப்பிராயமாக எடுத்துக்கொண்டேன். அவள் சோற்றைக் குறைத்தாள், விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள், தினமும் சாயங்காலம் எங்கள் தாமான் குடியிருப்பை நான்கு சுற்று நடந்தாள். அவளுக்கு மாத்திரையின் அளவு ஏறவே இல்லை. நான் கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுபவன். நாற்காலிதான் என் தொழில். வேலை முடிந்த பிறகும் அதை விட்டு எழ மனசு வராது.

போன வருஷம் நிர்வாகத்துக்குத் திடீரென்று எங்கள் உடம்பின்மேல் அக்கறை பிறந்தது. காலடியை எண்ணும் பட்டை ஒன்றை எல்லோர் கையிலும் கட்டிவிட்டார்கள். மூன்று மாதப் போட்டி. வாராவாரம் ஆபீஸ் சுவரில் பட்டியல். முதல் வாரம் நான் கடைசி. எனக்கு மேலே இருந்தவர், முழங்கால் ஆபரேஷன் முடிந்து வந்த வாட்ச்மேன். மானம் போனது. நடந்திருக்கலாம்தான். நான் யோசித்தேன்.

எங்கள் தோட்டத்தில் பழவண்டி இழுக்கும் எருமை ஒன்று உண்டு. லோரி போக முடியாத சேற்று நிரைகளுக்குள் நுழைந்து, வெட்டிய குலைகளைச் சாலைக்கு இழுத்து வரும். அதை ஓட்டுபவர் என் பழைய கூட்டாளி. என் பட்டையை ஒரு சைக்கிள் டியூப் துண்டோடு சேர்த்து அதன் முன்னங்காலில் கட்டச் சொன்னேன்.

"கிராணி, இது தப்பு இல்லியா?" என்றார்.

"நீ கட்டு லா. அது எப்படியும் நடக்கத்தானே போவுது."

பட்டைக்குள் தண்ணீர் புகாது என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது. சேற்றைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனாலும் தாங்கியது. நான்காம் வாரம் நான் முதலிடம். நான் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருக்க, என் காலடிகள் அவற்றின் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன. ஒருநாள் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஜெராம் பக்கம் ஓடிவிட்டது. மறுநாள் மேனேஜர் என்னிடம் வந்து, பத்துமலைக்கு நடந்தே போனீர்களா என்று பயபக்தியோடு விசாரித்தார். அடுத்த வாரம் அதற்குக் குளம்பில் புண், படுத்துவிட்டது. என் எண்ணிக்கை விழுந்ததைப் பார்த்து, எனக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் முதல் பரிசு எனக்கே. ஒரு சான்றிதழ், ஒரு பெரிய கூடை. கூடைக்குள் கெட்டிப்பால் டின், கிரீம் பிஸ்கட், ரோஜா சிரப்.

மனைவி சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். வீட்டில் நான் அசையாமல் கிடப்பதெல்லாம் பகல் முழுக்க நடந்த களைப்பு என்றே நம்பி, சாயங்காலம் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. சுகமாகவும் இருந்தது.

கிளினிக்குக்கும் அந்தச் சான்றிதழைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். சான்றிதழைப் பார்த்தார், என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், மறுபடி சான்றிதழைப் பார்த்தார்.

"இவ்ளோ நடந்துமா குறையல, அங்கிள்? மாத்திரையும் இதுக்கு மேல ஏத்த முடியாது. இனிமே இன்சுலின் ஊசிதான். திங்கக்கிழமை வாங்க, போடச் சொல்லித் தர்றோம்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனைவி பெருமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவள் நடக்கப் போகவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் இடியப்பத்தின்மேல் சீனியை அள்ளிப் போட்டுச் சாப்பிட்டாள். "நீங்க நடந்து என்னத்த கண்டீங்க?" என்றாள், அவ்வளவுதான். அவள் சர்க்கரை அந்த வாரமே ஏறியது. என் ஒருத்தன் சோம்பேறித்தனம் போதாதென்று, ஒழுங்காக இருந்தவளையும் கெடுத்துவிட்டேனே என்று அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். எருமை மரத்தடியில் நின்றிருந்தது. பட்டை இன்னும் அதன் காலில்தான் இருந்தது.

"முதல் பரிசு வாங்கினது இதுதான்," என்றேன். மீதியையும் சொன்னேன். வண்டிக்காரர் எதற்கு வம்பு என்று வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அவள் எருமையை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாத்தான் மெலிஞ்சிருக்கு," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "திங்கக்கிழமை டாக்டர்கிட்ட இத நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வராது."

"சொல்றேன். நீ நாளைலேருந்து நடப்பியா? நடந்தாலும் சர்க்கரை கேக்காதுன்னு நெனச்சுத்தானே நிறுத்தினே?"

"நடந்தா கேக்கும்னு என் உடம்புக்குத் தெரியாதா?" என்றாள். "இவ்ளோ நடந்தும் உங்களுக்குக் கேக்கலன்னா, நீங்க சீக்கிரம் போயிடுவீங்கன்னு நெனச்சேன். அப்புறம் அந்த வீட்டுல நான் மட்டும் நல்லா இருந்து என்ன பண்ண?"

மோட்டார் சைக்கிளை வண்டிக்காரரிடம் விட்டுவிட்டு அவளோடு வீட்டுக்கு நடந்தேன். மூன்று மைல். பாதி வழியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அவள் முன்னால் போய், நின்று, நான் வரும்வரை காத்திருந்தாள்.