மாதா கிணற்றுக்குப் பூட்டு

மலேசியாவில், காப்பார் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே எங்கள் மாதா கோயில் இருக்கிறது. தோட்டத்து ஜனம் கிள்ளான், பண்டமாரான் என்று டவுன் பக்கம் கலைந்து போய்ப் பல காலமாகிறது. தகரக் கூரை போட்ட அந்தச் சின்னக் கோயிலும் அதன் கிணறும்தான் மிச்சம். அந்தக் கிணற்றில் யாரும் தனக்குத் தானே இறைத்துக்கொள்வதில்லை. ஒருவர் இறைத்து ஊற்ற, மற்றவர் இரு கையிலும் ஏந்தி முகம் கழுவ வேண்டும். நோய் தீரும் என்பார்கள். தீருமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு மார்பில் கட்டி என்று சொன்ன வருஷம், வாராவாரம் கூடவே வந்து இறைத்து ஊற்றியவர் பக்கத்து வீட்டு அக்கா. அவர் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறவர். மாதாவும் ஒன்றும் சொல்லவில்லை, முருகனும் கோபித்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் அக்காவுக்கு இருதய ஆபரேஷன். அதற்கு முந்தின நாள் காலையில், "உன் கையால ஒரு வாளி ஊத்திடு, அது போதும்" என்றார். காரில் அழைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் கிணற்றுக்கு இரும்பு மூடி, அதில் புதுப் பூட்டு!

கமிட்டித் தலைவர் அங்கேயே நின்றிருந்தார். "சாரி லா. இனிமே நம்ம சர்ச் ஆளுங்களுக்கு மட்டும்தான். கண்டவங்க வந்து மஞ்சத் துணி கட்டுறாங்க, ஊதுபத்தி கொளுத்துறாங்க. எல்லாம் மூடநம்பிக்கை."

அக்கா காதில் விழும்படியே சொன்னார். "வா, போயிடலாம்" என்று அக்கா என் கையைப் பிடித்தார். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

இதே மனுஷன் ஐரோப்பாவுக்கு யாத்திரை போனவர். ஏதோ கிராமத்தில் எழுநூறு எண்ணூறு வருஷத்துச் சின்னக் கோயிலாம், அதன் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்து எங்களுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார். நானும் பயபக்தியோடு நெற்றியில் தடவிக்கொண்டேன்.

"ஏன் அங்கிள், வெள்ளைக்காரன் கிணறுன்னா புனிதம், நம்ம கிணறுன்னா மூடநம்பிக்கையா? அங்க உங்க மதத்தக் கேட்டுட்டா தண்ணி கொடுத்தாங்க?"

"அது வேற லா."

"என்ன வேற? சாவியக் கொடுங்க."

"கமிட்டி முடிவு. கொடுக்க முடியாது."

காரிலிருந்து டயர் கழற்றும் ஸ்பேனரை எடுத்துவந்து ஓங்கிப் போட்டேன். பூட்டு தெறித்தது. போலீசுக்குப் போவேன் என்று கத்தினார். "தாராளமா போங்க அங்கிள். இப்பக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தண்ணி தெறிக்கும்" என்று சொல்லிவிட்டு இறைத்தேன். அக்கா கையேந்தி முகம் கழுவி, மாதாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

அக்கா ஐசியூவில் கிடக்கும்போதே ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்ததும், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேள் என்றார்கள். மாட்டேன் என்றேன். "என்னா திமிரு" என்று பின்வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள். ஆமாம், திமிர்தான்.

அக்காவை வார்டுக்கு மாற்றிய அன்று பார்க்கப் போனேன். பேச இன்னும் தெம்பு வரவில்லை. ஆனாலும் என்னைக் கிட்டே வரச்சொல்லிக் கேட்டார்: "மறுபடி பூட்டிட்டாங்களா?"

"பூட்டினாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மறுபடி உடைச்சிட்டேன்."

அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அடிப்பாவி, சிரிக்க வைக்காதடி, தையல் வலிக்குது!"