மிளகாய்ப் பொட்டலத்தில் போன புத்தகம்

என் சித்தப்பா எழுதிய முதல் புத்தகத்தை நான் மிளகாய் மடிக்கக் கொடுத்துவிட்டேன். தெரிந்தேதான் செய்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

சிங்கப்பூருக்கு வடக்கே, ஸ்கூடாய் ஊரில் எங்களுக்கு மளிகைக் கடை இருந்தது. கல்லாவில் உட்கார்ந்தவர் அப்பா என்றாலும் கடையை நடத்தியவர் சித்தப்பாதான். சிங்கப்பூரிலிருந்து அரிசி இறக்குவது, சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களுக்குச் சாமான் அனுப்புவது, சீன முதலாளிகளோடு மலாய் மொழியில் கத்திப் பேரம் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஒருநாள் காலை, வாடிக்கைக்காரர் ஒருவருக்கு அரிசி அளந்துகொண்டிருந்தவர் பாதியில் எழுந்து சாவிக்கொத்தை அப்பாவின் முன்னால் வைத்தார்.

"அண்ணே, நான் கிளம்புறேன். இவருக்கு இன்னும் ஒரு படி போடணும், மறந்துடாதீங்க."

சரக்கு எடுக்கத்தான் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

சில வருஷம் கழித்து மொட்டைத் தலையும் காவியுமாக இந்தியாவிலிருந்து திரும்பினார். வீட்டுக்கு வரவில்லை. செனாய் போகும் சாலையில், முருகன் கோயிலுக்குப் பின்னால் ஓர் அத்தாப்பு ஓலைக் குடிசையில் தங்கி எழுதத் தொடங்கினார். "கணக்கு எழுத வேண்டிய கை, அங்க என்னத்த எழுதிக் கிழிக்குது?" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார். அம்மாவோ போய் விழுந்து கும்பிட்டார். இனிமேல் நானும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும் என்றார். நான் கூப்பிடவில்லை. ஆனால் குடிசை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கடைத்தெரு அதிரப் பேசிய மனிதர் அசையாமல் உட்கார்ந்து எழுதுவார். முழங்கையில் கொசு உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகும், பேனா நிற்காது. எனக்குப் பயமாக இருக்கும், கண்ணை எடுக்கவும் முடியாது.

எழுதி முடித்த தாள்கட்டை ஒருநாள் என்னிடம் கொடுத்தார். எங்கள் அரிசி லாரிக்காரரிடம் சேர்த்தால் அவர் சிங்கப்பூர் அச்சகத்தில் கொடுத்துவிடுவார். "வேற பிரதி கிடையாது. பத்திரம்டா தம்பி" என்றார்.

அந்த எழுத்துதான் அவரை எங்களிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறது என்று நான் நம்பினேன். அது இல்லாமல் போனால் கடைக்குத் திரும்பிவிடுவார். கட்டைப் பிரித்து, பொட்டலம் மடிக்கும் பழைய காகிதங்களுக்கு நடுவே செருகினேன். மடித்துக் கொடுக்கும் ஆளுக்குப் படிக்கத் தெரியாது.

எதுவும் வந்து சேரவில்லை என்று அச்சகத்திலிருந்து தகவல் வந்தது. துறவறம் போனபின் முதல் முறையாகச் சித்தப்பா கடைக்கு நடந்து வந்தார். படியேறாமல் வாசலிலேயே நின்றார். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து அம்மா ஒருவர் மிளகாய்ப் பொட்டலத்தோடு வெளியே வந்தார். பொட்டலம் முழுக்கச் சித்தப்பாவின் கையெழுத்து. நான் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தேன்.

சித்தப்பா அதைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிப் பொட்டலத்தின் அடியைத் தாங்கிக்கொண்டார்.

"பாத்துப் பிடிங்கம்மா, அடியில கிழிஞ்சிருக்கு."

அப்பா எட்டிப் பார்த்து, "என் தம்பி எழுத்தாச்சே" என்றார். மடித்த ஆள், "அலமாக்! சாமி எழுத்தா இது?" என்று தலையில் கைவைத்தார். கட்டு யாரிடம் கொடுக்கப்பட்டது என்று அப்பாவுக்குத் தெரியும். என் காதைப் பிடித்து வெளியே இழுத்தார். "விடுங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சித்தப்பா வந்த வழியே திரும்பி நடந்தார். அவர் கையால் இரண்டு அடி வாங்கியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் வீடு வீடாகப் போய்க் காகிதம் கேட்டேன். பெரும்பாலானவை அடுப்புக்குப் போயிருந்தன. அந்த அம்மாதான், "மொளகாய வித்துட்டுக் காயிதத்தத் திருப்பிக் கேக்குறியே, நாளைக்கு மொளகாயவும் கேப்பியா?" என்றார். லயமே சிரித்தது. பிறகு அவரே உள்ளே போய்ச் சில தாள்களைக் கொண்டுவந்தார். "அச்சடிச்சதுன்னா எரிச்சிருப்பேன். யாரோ உக்காந்து கையால எழுதினது. மனசு வரல."

மிளகாய் நெடி அடித்த அந்தத் தாள்களைக் குடிசையில் கொண்டுபோய் வைத்தேன். "சாமி, மீதிய நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்" என்றேன். அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் பேனாவை நீட்டினார்.

பள்ளி விட்டதும் தினமும் போனேன். சொல்லிக்கொண்டே வருபவர் வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுவார். கண்கள் மூடிக்கொள்ளும், உதடுகள் மட்டும் அசையும். வெளியே மழை பிடித்து ஓய்ந்துவிடும். சாமி கடவுளிடம் போயிருக்கிறார் என்று எனக்கு உடம்பு சிலிர்க்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பி உட்கார்ந்திருப்பேன். பிறகு கண் திறந்து, "சரி, வேற மாதிரி எழுதிக்கலாம்" என்பார்.

புத்தகம் வந்தது, முதலில் இருந்ததில் பாதிகூட இல்லை. ஆனாலும் எல்லாரும் புகழ்ந்தார்கள். அப்பாவே கடையில் அடுக்கி விற்றார். அதற்குப் பின்னும் சித்தப்பா நிறைய எழுதினார். தொலைந்ததைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை.

இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. சொல்ல வந்த வார்த்தை அகப்படாமல் பேச்சின் நடுவில் கண்ணை மூடிக்கொள்கிறேன். உதடு அசைகிறது என்று பேத்தி சிரிக்கிறாள். நான் தொலைத்த வாக்கியங்களைத்தான் சித்தப்பா அப்போது தேடிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.