அணையாத அயர்ன் பாக்ஸ்

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து எல்லோரும் கை கழுவிக் கிளம்பிய பிறகும் வீரணன் அயர்ன் பாக்ஸை அணைப்பதில்லை. மூலையில் கிடக்கும் ரிஜெக்ட் பனியன்களை எடுத்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். கழுத்து கோணியது, கறை பட்டது, ஓட்டை விழுந்தது என்று யாருக்கும் வேண்டாத உருப்படிகள். பாலித்தீன் கவர் சப்ளை செய்யப் போகும் நான், "தேய்ச்சா கறை போயிருமா மாஸ்டர்?" என்று சீண்டுவேன். "கைக்கு ஒரு வேல வேணும்ல தம்பி" என்பார்.

பனியன் கம்பெனி கேட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒயின் ஷாப். எந்தச் சந்தில் புகுந்தாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மனைவி மூக்கம்மாள் அடுத்த தெருக் கம்பெனியில் செக்கிங் வேலை முடித்து வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை இந்தத் தேய்ப்பு நடக்கும். தீபாவளிக்கு விட்ட குடி. மறுபடி தொட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊரான உசிலம்பட்டிக்கே போய்விடுவேன் என்று மூக்கம்மாள் சொல்லியிருக்கிறார். சொன்னதைச் செய்கிற பெண்மணி. எனக்கே அவரிடம் பயம்தான்.

குடிகாரன் என்று ஊர் சுலபமாகச் சொல்லிவிடுகிறது. சொன்னவர்களை அந்த அயர்ன் மேஜை முன்னால் ஒரு நாள் நிறுத்திப் பார்க்க வேண்டும். முகத்தில் ஆவி அடிக்க, ஒன்றரை ஷிப்ட், நின்றது நின்றபடி. ராத்திரி படுத்தால் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். "வந்த புதுசுல தூக்கமே வராது தம்பி. ஒரு கட்டிங் போட்டாத்தேன் காலு நம்ம பேச்சக் கேக்கும்" என்றார் ஒருமுறை. அப்புறம் கட்டிங் போடாவிட்டால் கை நடுங்க ஆரம்பித்தது.

முதல் கட்டிங்கை வாங்கிக் கொடுத்தவர் கான்ட்ராக்டர் லிங்கசாமி. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. குன்னத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். ஏற்றுமதிச் சரக்கோடு கன்டெய்னர் கிளம்பும் நாளில் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி அனுப்பியதும் அயர்ன் ஆட்களுக்குப் பிரியாணியும் பாட்டிலும் தருவது அவர் வழக்கம். பாட்டில் முதலில் மூத்த மாஸ்டருக்கு. அது மரியாதை. வாங்காவிட்டால் மாஸ்டர் கோபித்துக்கொண்டதாக அர்த்தம். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சாக்குச் சொல்லி வீரணன் இதுவரை தப்பித்து வந்தார்.

போன சனிக்கிழமையும் ஒரு கன்டெய்னர் போனது. வழக்கம்போல ரிஜெக்ட் பனியனைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் முன்னால் லிங்கசாமி பாட்டிலோடு வந்து நின்றார்.

"ஏனுங்க மாஸ்டர், இந்த வாரம் பூரா நின்னே கெடந்தீங்க. ஒரே ஒரு கட்டிங் போட்டுட்டு நல்லாத் தூங்குங்க."

வீரணன் பாட்டிலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மூக்கம்மாள் வருகிறாரா என்று வாசலை எட்டிப் பார்த்தேன். காணோம்.

"பாட்டில் வேணாம்ணே" என்றார் வீரணன். "ஒக்கார ஒரு ஸ்டூல் குடுங்க. ஒரு பண்டல் முடிஞ்சதும் செத்த நேரம் ஒக்காந்து எந்திரிச்சா காலு வலிக்காது. வலி இல்லேன்னா இது எனக்கு எதுக்கு?"

லிங்கசாமி அந்த ஹாலைச் சுற்றிப் பார்த்தார். தினமும் பார்க்கிற ஹால்தான். அயர்ன் மேஜைகள் பக்கம் உட்கார ஒன்றுமே இல்லை.

"இத்தன வருசத்துல கேக்கவே இல்லீங்களே" என்றார் மெதுவாக. பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போய், தான் உட்காரும் நாற்காலியையே இழுத்து வந்து மேஜை ஓரம் போட்டார்.

வீரணன் உடனே உட்காரவில்லை. மூக்கம்மாள் இன்னும் வந்திருக்கவில்லை. முதலில் கையை நீட்டி அயர்ன் பாக்ஸின் சுவிட்சை அணைத்தார்.