புள்ளி வைத்துக் கேட்டால் போதும் என்றாள்

குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை காலையில், ஐந்தருவிச் சாலையில் இருக்கும் விடுதியிலிருந்து மேனேஜர் அண்ணாச்சி கூப்பிட்டார். நான் தென்காசியில் வீட்டில் தலைக்கு எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தேன்.

"தங்கச்சி, கம்ப்யூட்டர் சுத்திக்கிட்டே கெடக்கு. எந்த ரூம் காலி, எதுல ஆள் இருக்குன்னு ஒண்ணும் தெரியல. வெளிய வண்டி வண்டியா வந்து நிக்காங்க. கொஞ்சம் வாயேன்."

எண்ணெய்த் தலையை அப்படியே முடிந்துகொண்டு, லேப்டாப்பைப் பையில் போட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

அந்த விடுதியின் முன்பதிவு மென்பொருளை எழுதியது நானும் என் தோழியும். கல்லூரியில் ஒரே பெஞ்சு, சென்னையில் ஒரே கம்பெனி, ஒரே ஹாஸ்டல் அறை. கொரோனா காலத்தில் அவள் சிவகிரிக்கும் நான் தென்காசிக்கும் வந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தோம். திரும்ப ஆபீசுக்கு வரச் சொன்னபோது எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு, மேலகரத்தில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே அறை பிடித்தோம். அவள் தினமும் பஸ்ஸில் வந்து இறங்குவாள். நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்வதற்குள் அவள் ஜன்னலைத் திறந்து, மேசையைத் துடைத்து, பாட்டு போட்டிருப்பாள்.

சீசன் வந்தால் குற்றாலத்து விடுதிகளில் நடக்கும் கூத்து எங்களுக்குத் தெரியும். ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குச் சொல்லிவிட்டு, ஈரத் துணியோடு நிற்பவர்களிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அதைச் சரிசெய்வோம் என்று தொடங்கியதுதான் எங்கள் மென்பொருள்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். திரைகள், பில், அறை ஒதுக்கும் கணக்கு எல்லாம் நான். டேட்டாபேஸ் பக்கம் அவள். சென்னையில் முதல் இரண்டு வருடங்கள் நான் எஸ்.க்யூ.எல்.லிலேயே கிடந்தவள். டேட்டாபேஸில் விருந்தினருக்கு ஒரு டேபிள், அறைக்கு ஒன்று, முன்பதிவுக்கு ஒன்று என்று இருக்கும். அவற்றிடம் எது வேண்டுமென்றாலும் அந்த மொழியில் குவெரி எழுதித்தான் கேட்க வேண்டும். பழக்க தோஷத்தில் இங்கேயும் நான் குவெரி எழுத உட்கார்ந்தபோது அவள் சிரித்தாள்.

"இன்னுமாட்டி கையால குவெரி எழுதுத? ஓ.ஆர்.எம். எதுக்கு இருக்கு? ஒவ்வொரு டேபிளுக்கும் நான் ஒரு கிளாஸ் எழுதித் தாரேன். நீ ஆப்ஜெக்ட்டப் புடிச்சு, புள்ளி வச்சுக் கேட்டா போதும். குவெரிய அதுவே எழுதிக்கிடும். நீ அந்தப் பக்கமே எட்டிப் பாக்க வேண்டாம், கேட்டியா?"

உண்மையிலேயே அது சுகமாக இருந்தது. முன்பதிவு, ஒரு புள்ளி, விருந்தினர், ஒரு புள்ளி, பெயர். திரையில் பெயர் வந்து நிற்கும். அடியில் என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பார்த்துக்கொள்ள அவள் இருந்தாள்.

முதல் சீசனில் ஒரு சின்ன விடுதி மட்டும். குறையே இல்லை. இரண்டாவது சீசனுக்கு ஐந்தருவிச் சாலை விடுதி வந்தது. பெரிய விடுதி, நிறைய அறைகள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அதன் வரவேற்பறையில் கால் வைக்க இடமில்லை. கொல்லத்திலிருந்து வந்த ஒரு கூட்டுக் குடும்பம் பைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தது. யாரோ ஒரு குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அண்ணாச்சி ஒவ்வொரு மாடிக்கும் ஆள் அனுப்பி, கதவைத் தட்டி, காலியா இல்லையா என்று கேட்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

தோழியைப் போனில் பிடித்தேன்.

"சர்வர்லதான்ட்டி ஏதோ கோளாறு. ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு. நான் வாசுதேவநல்லூர்ல அத்தை வீட்டு விசேஷத்துல நிக்கேன், இங்கன நெட்டு கிடைக்கல. வைக்கட்டுமா?"

அவளுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. விசேஷ வீடு இப்படியா இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

ரீஸ்டார்ட் செய்தேன். கொஞ்ச நேரம் ஓடியது, மறுபடி நின்றது. பிறகு வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சென்னைப் பழக்கம் ஒன்றைச் செய்தேன். அந்த ஓ.ஆர்.எம். கருவி டேட்டாபேஸுக்கு அனுப்பும் குவெரிகளை எல்லாம் என் லேப்டாப்பில் அப்படியே காட்டும்படி வைத்துவிட்டு, முன்பதிவுத் திரையைத் திறந்தேன்.

ஓடத் தொடங்கியது. நிற்கவில்லை. ஒரே குவெரி, கடைசியில் இருக்கும் எண் மட்டும் மாறி, மாறி, மாறி.

பார்த்ததும் புரிந்தது. முன்பதிவுகளை எல்லாம் ஒரே தடவையில் எடுத்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு முன்பதிவுக்கும் விருந்தினரின் பெயருக்காகத் தனியாக ஒரு தடவை டேட்டாபேஸுக்குப் போகிறது. அறைக்காக இன்னொரு தடவை. நான் வைத்த ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நடை. கூட்டம் இல்லாத நாளில் நாலைந்து நடை, யாருக்கும் தெரியாது. சீசனில், நிறைந்த விடுதியில், அது நடந்தே மூச்சு முட்டிப் போகிறது. அண்ணாச்சி மாடி மாடியாக ஆள் அனுப்பிக்கொண்டிருந்ததும் இதுவும் ஒன்றுதான்.

கருவி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்கும்போது மட்டும் போய் எடுத்து வருவது அதன் வழக்கம். முன்பதிவை எடுக்கும்போதே விருந்தினரையும் அறையையும் சேர்த்து எடுத்து வா என்று சொன்னால் சேர்த்தும் எடுத்து வரும். அதற்கு ஒரே ஒரு வரி. அந்த வரியைச் சேர்த்தேன். என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சர்வரில் ஏற்றினேன். அண்ணாச்சி பொத்தானைத் தட்டினார். அறைகள் எல்லாம் கட்டம் கட்டமாக, பச்சையும் சிவப்புமாக, சட்டென்று வந்து விழுந்தன.

கொல்லத்துக் குடும்பத்துக்கு மூன்றாவது மாடியில் அறை கிடைத்தது. எனக்கு ஒரு டீ வந்தது. சந்தோஷமாக இருந்தேன். திங்கட்கிழமை அவளிடம் இதைச் சொல்லி நன்றாகக் கிண்டல் செய்ய வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

கூட்டம் குறைந்ததும் அண்ணாச்சி என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"இப்பதான் அந்தப் புதுசு மாதிரியே ஓடுது தங்கச்சி."

"எந்தப் புதுசு அண்ணாச்சி?"

"உன் கூட்டாளி போன வாரம் லேப்டாப்புல கொண்டாந்து காட்டுனால்லா. திருவனந்தபுரத்துக் கம்பெனி. கூட ஒருத்தரும் வந்துருந்தாரு, மலையாளம் பேசுனாரு. முதலாளிக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஏன், நீயும் அதுல இல்லையா?"

நான் டீ கிளாஸை மேசையில் வைத்தேன்.

"அது எப்படி இருந்துச்சு அண்ணாச்சி? பாக்கதுக்கு?"

"இதே மாதிரிதான். பேரு வேற, அவ்வளவுதான். சுத்தம் பண்ண வேண்டிய ரூமுக்கு இந்த வெந்தயக் கலரு இருக்குல்லா, அதுகூட அப்படியே இருந்துச்சு."

அந்த நிறத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். மஞ்சள் கண்ணைக் குத்துகிறது என்று ஒரு மத்தியானம் முழுவதும் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் அதை வைத்தேன். அப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். பிறகு, சொல்லாமல் விடுவது தப்பு என்று நினைத்தாரோ என்னவோ, மெதுவாகச் சொன்னார்.

"நான்தான் கேட்டேன், பழசு ஏம்மா இப்படி இழுக்குன்னு. டேட்டாபேஸ் வேலை எல்லாம் நீ பாத்ததுன்னு சொன்னா. அவசரத்துல செஞ்சிட்டா, பாவம், அவளக் குத்தம் சொல்லாதீங்கன்னு உனக்காவப் பேசுனா."

எனக்காகப் பேசினாள் என்பதுதான் என்னை அறைந்தது. நேராகப் பழி போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வெளியே வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ரம்புட்டான் விற்கிற அம்மா, "நனையாத தாயி, உள்ள நில்லு" என்றார். அவர் போட்டிருந்த தார்ப்பாய்க்கு அடியில் கொஞ்ச நேரம் நின்றேன். புதிய மென்பொருள் வேகமாக ஓடுகிறது என்றால் அந்த ஒரு வரி அதில் இருக்கிறது. அப்படியென்றால் இந்தக் கோளாறு அவளுக்குத் தெரியும். தெரிந்து, அங்கே சரிசெய்துவிட்டு, இங்கே விட்டிருக்கிறாள். திரும்பத் திரும்ப வேறு விதமாக யோசித்துப் பார்த்தேன். வேறு எப்படியும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. விடுதி என்ன ஆயிற்று என்று கேட்டு ஒரு செய்திகூட அனுப்பவில்லை.

திங்கட்கிழமை நான் போனபோது வழக்கம்போல ஜன்னல் திறந்திருந்தது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் தூக்குவாளியைத் திறந்து மேசையில் வைத்தாள். "அம்மா அதிரசம் குடுத்துவிட்டா, உனக்குப் புடிக்கும்னு" என்றாள்.

நான் பாட்டை நிறுத்தினேன்.

"திருவனந்தபுரத்துல உனக்கு எந்த அத்தைட்டி?"

அவள் நடிக்கவில்லை. அதை மட்டும் இன்றும் அவள் கணக்கில் வைக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, தூக்குவாளியின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

"சீசன் முடியட்டும்னு. அவங்க என்னை வேலைக்கு எடுத்துருக்காங்க. இது எல்லா ஊர்லயும் போகும்ட்டி. ஆலப்புழை, மூணாறு, கொடைக்கானல். நாம ரெண்டு பேரும் இங்கன உக்காந்து என்ன செஞ்சிர முடியும்?"

"என்னையும் கேட்டிருக்கலாம்லா."

"நீ வரமாட்ட. உனக்கு இந்த ஊரு போதும்."

"கேக்காமயே உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கொஞ்சம் குரலை உயர்த்தி, "நானும்தான எழுதுனேன்? நான் எழுதுனது எனக்குச் சொந்தம் இல்லையா?" என்றாள்.

"டேட்டாபேஸுக்கு நீ எழுதுன கிளாஸை எல்லாம் எடுத்துட்டுப் போ, நான் கேக்கல. என் ஸ்கிரீன எதுக்கு எடுத்த?"

தெருவில் பஸ் ஒன்று நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அந்த ஒரு வரி. அங்க சேத்துருக்க. இங்க ஏன் சேக்கல?"

"அங்க டெமோ இருந்துச்சு. இங்க அப்புறம் மாத்திக்கிடலாம்னு..."

"அப்புறம்னா? இல்ல, சீசன்ல இது படுத்துக்கிடட்டும்னு விட்டியா?"

இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அன்றைக்குக்கூட நம்பியிருப்பேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"அண்ணாச்சிட்ட ஏன் என் பேரச் சொன்ன?"

"அவருக்கு அதெல்லாம் மனசுல நிக்காதுன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு லேப்டாப்பை எடுத்துப் பையில் வைத்தாள், சார்ஜரைச் சுற்றினாள். படியில் இறங்கும்போது, "அதிரசத்தச் சாப்பிட்டுருட்டி, கெட்டுப்போயிரும்" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அதைப் பற்றிக் கவலைப்பட்டாள். எனக்கு அதுதான் இன்றுவரை விளங்காதது.

அந்த அதிரசத்தைப் பெயின்ட் கடையில் கொடுத்துவிட்டேன்.

சீசன் முடியும்வரை ஐந்தருவிச் சாலை விடுதியில் எங்கள் மென்பொருள் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணாச்சி போன் செய்தார். முதலாளி புதியதற்கு மாறச் சொல்லிவிட்டார் என்றார். "எனக்கு ஒண்ணும் சொல்ல முடியல தங்கச்சி, நான் சம்பளத்துக்கு இருக்கவன்" என்றார். நான் விருந்தினர் விவரங்களை எல்லாம் எடுத்துச் சரியான வடிவில் அவர்களுக்குக் கொடுத்தேன். யாரிடம் போய்ச் சேரும் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். விருந்தினர்கள் என்ன பாவம் செய்தார்கள்.

முதலில் வந்த சின்ன விடுதி இன்னும் என்னோடு இருக்கிறது. மற்றபடி, சென்னைக் கம்பெனிகளுக்கு இங்கிருந்தே வேலை செய்கிறேன். பெரும்பாலும் பிறர் எழுதிய நிரலைச் சோதிக்கிற வேலை. யார் எழுதியது என்றாலும் குவெரிகளை வெளியே காட்ட வைத்து ஒரு தடவை பார்த்துவிடுவேன். கம்பெனியில் என்னை நல்ல கவனமானவள் என்கிறார்கள். கவனம் இல்லை அது. ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள என்னால் முடியாமல் போய்விட்டது. புதிதாகப் பழகுகிறவர்களிடமும் அப்படித்தான் இருக்கிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மாற்றிக்கொள்ளத் தெரியவில்லை.

சென்ற பங்குனியில் ஒரு மத்தியானம் அவளே கூப்பிட்டாள். புது எண். எடுத்த பிறகுதான் குரல் தெரிந்தது.

"ஏட்டி, ஒரு சந்தேகம். தங்குறவங்க நடுவுல ரூம் மாறுனா பில்லப் பிரிக்கதுக்கு ஒண்ணு எழுதிருந்தல்லா. அது எங்களுக்குத் தப்பா வருது. யாருக்கும் புரிய மாட்டேங்குது."

போனை வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வைக்கவில்லை. எந்த நாளை எந்த அறையோடு சேர்க்க வேண்டும், அவர்கள் எதை மாற்றியதால் கெட்டுப்போயிருக்கும் என்று பொறுமையாகச் சொன்னேன். பெரிய மனதால் அல்ல. நான் எழுதிய ஒன்று எங்கோ மூணாற்றில் தப்பாக ஓடிக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவள் குறித்துக்கொண்டே "ஆமா, ஆமா" என்றாள். பழைய நாளில் பக்கத்து நாற்காலியிலிருந்து சொல்வது போலவே இருந்தது.

முடிந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"சரிட்டி, மீட்டிங்குக்குக் கூப்பிடுதாங்க" என்றாள்.

சரி என்றேன். அவளே வைத்துவிட்டாள்.