பாதிப் புத்தகத்தோடு தேவனாம்பட்டினத்துக்கு

2012 ஜூன் 6 காலை வெள்ளிக் கோள் சூரியனின் குறுக்கே கடந்தது. அதைக் கடற்கரையிலிருந்து பார்க்கக் கடலூர் போவதாகத்தான் வீட்டில் சொன்னேன். பையில் இருந்த பாதிப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

2004 டிசம்பர், அரையாண்டு லீவு. நானும் வகுப்புத் தோழி அமுதாவும் அண்ணாமலை நகரில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதைச் சேர்ந்து வாங்கினோம். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொல்லி மாட்டிக்கொண்ட பழைய காலத்து இத்தாலிய வானியலாளரின் கதை, பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதியது. யார் முதலில் படிப்பது என்று பஸ்ஸிலேயே சண்டை. கடைசியில் பிளேடால் நடுவில் அறுத்துவிட்டோம். முன்பாதி அவளுக்கு, பின்பாதி எனக்கு, லீவு முடிந்ததும் மாற்றிக்கொள்வது. என்ன புத்திசாலித்தனம்! அதற்குள் சுனாமி வந்தது. தேவனாம்பட்டினத்தில் அவள் வீடு போனது, முன்பாதியும் போனது. அவள் அப்பா திரும்பவில்லை. முகாமில் இருந்துவிட்டு, அம்மாவும் இரண்டு பெண்களும் சிதம்பரம் போய்விட்டார்கள். போன மாதம்தான் அவள் நம்பர் கிடைத்தது.

கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரை மூன்று கிலோமீட்டர். விடிகாலை ஐந்தரைக்கு ஆட்டோ பிடித்தேன்.

"மேகம் ஜாஸ்தியா கீதுக்கா, என்னாத்த தெரியப் போவுது?" என்றார் டிரைவர்.

அமுதாவும் தங்கை மீனாவும் முன்பே வந்திருந்தார்கள். கட்டிப்பிடித்து அழுதோம், வேறென்ன. ஏழு மணிக்கு மேல் மேகம் விலகியது. வெல்டிங் கண்ணாடி வழியே பார்த்தால், அப்பளத்தில் ஒட்டிய மிளகு மாதிரி வெள்ளி.

"அந்த இத்தாலிக்காரரு கதை தெரியுமாக்கா?" என்றாள் மீனா. "எவ்ளோ மெரட்டியும் அவரு மண்டி போடவே இல்லியாம்!"

என் பையில் இருந்த பாதியில் அவர் மண்டி போடுகிறார். பூமி சுற்றவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறார். அமுதா என்னையே பார்த்தாள். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

மூவருமாகச் சிதம்பரம் பஸ் ஏறினோம், சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். மீனா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள்.

"கேம்ப்ல இவ, அப்பா வருவாருன்னு வாசலையே பாத்துக்கினு இருப்பாடி," என்றாள் அமுதா. "அப்போ இந்தக் கதையத்தான் சொல்லுவேன். முடிவு எனக்கே தெரியாது. நானா ஒண்ணு சொன்னேன். காலேஜ்ல நெசம் தெரிஞ்சப்ப அழுவையா வந்துச்சு. இவகிட்ட இன்னும் சொல்லல." என் பையைத் தொட்டு, "மண்டி போட்டதோட முடிஞ்சிடுதா?" என்றாள்.

"இல்லடி. வீட்டுக் காவல்ல, கண்ணு மங்கிப்போயி, இன்னொரு புத்தகம் எழுதுறாரு."

"குடு. இப்போ தாங்குவா."

பரங்கிப்பேட்டைக்குத் திரும்பும் இடத்தில் மீனா விழித்தாள். அக்கா மடியில் இருந்த பாதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்.

"இதோட முன்பாதி எங்கக்கா?"

"உனக்குத்தான் தெரியுமே," என்றேன். "நான் அதப் படிச்சதே இல்ல. சொல்லேன்."

சிதம்பரம் வரும்வரை சொன்னாள்.

போக நினைப்பவர்களுக்கு: சூரிய உதயம் பார்க்க ஜூன் நல்ல மாதம், மேகத்துக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை. அடுத்த முறை வெள்ளி கடப்பது 2117-இல்தான், அதனால் யாருக்காகவாவது எதையாவது பத்திரமாக வைத்திருந்தால் அதுவரை காத்திருக்காதீர்கள். எட்டு வருடமே எனக்கு ரொம்ப நீளமாக இருந்தது.